கரும்பலகை பற்றி ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் கடலூர் பக்கத்தில் எங்கள் பகுதி ஓட்டல் ஒன்றைப் பற்றிப் படத்தோடு செய்தி வந்திருந்தது. 'மெனு பலகையில் ஊர்ச் செய்தி எழுதும் விநோத ஓட்டல்' என்று தலைப்பு. படம் நன்றாக இருந்தது. செய்தியில் இரண்டு பிழை. அந்தப் பழக்கம் கொரோனா காலத்தில் தொடங்கியது என்று போட்டிருந்தீர்கள். தானே புயலில் தொடங்கியது அது. இன்னொரு பிழை 'விநோத' என்ற சொல். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் கடலூரில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு வார்த்தை கூடினால் காசு கூடும், விலாசத்தில் உள்ள வார்த்தைக்கும் காசு உண்டு என்று வருஷக்கணக்காக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன். இந்த ஒரு தடவை மட்டும் எண்ணப் போவதில்லை.

கடை, மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் போகிற வழியில் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். உங்கள் செய்தி வந்த மறுநாள் செல்போனில் படமெடுக்க வந்தவர்கள் சாப்பிட வந்தவர்களை உட்கார விடவில்லையாம். ஆறு மேசை. காலையில் பொங்கல், வடை, இட்லி. மதியம் மீன் குழம்புச் சாப்பாடு. கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் கரும்பலகை. நடுவில் ஒரு சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு இடது பக்கம் மெனு, வலது பக்கம் ஊர். கடைக்காரரை நான் தம்பி என்பேன், அவர் என்னைத் தந்தி ஐயா என்பார். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அங்கே சாப்பிடுகிறேன். அதனால் எனக்குப் பட்சபாதம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கரை கடந்தது. காற்று அடங்கிக் கதவைத் திறந்தபோது தெரு தெரியவில்லை, மரங்கள்தான் கிடந்தன. செல்போன் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் பொங்கலுக்குத்தான் வந்தது. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுகளில் கடைசி எண் 11 என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 10 வரையிலும் காற்றையும் ஆபத்தையும் பற்றிய எண்கள். 11 மட்டும் தனி ரகம். வானிலை மையத்தோடு செய்தித் தொடர்பே அறுந்துவிட்டது, இனி உள்ளூர் அதிகாரி தன் கண்ணால் பார்த்து ஆபத்தைக் கணிக்க வேண்டியதுதான் என்று அதற்குப் பொருள். அன்றைக்குத் துறைமுகத்தில் எந்த எண் ஏற்றியிருந்தாலும் எங்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் 11 தான்.

கடையை அன்றும் திறந்தார் பெரியவர், தம்பியின் அப்பா. கஞ்சியும் துவையலும் மட்டும். மெனு எழுத ஒன்றுமில்லாததால் பலகை காலியாக இருந்தது. மத்தியானம் பாண்டியிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். பைக்கைப் பாதி வழியில் போட்டுவிட்டு, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்திருக்கிறான். தேவனாம்பட்டினத்தில் கட்டிக்கொடுத்த அக்காவைத் தேடி வந்தவன். வீட்டில் ஆள் இல்லை, எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று சொல்லவும் ஆள் இல்லை. இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். பெரியவர் அவனுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டுச் சாக்பீசை எடுத்து அந்தக் காலிப் பலகையில் எழுதினார்: 'பாண்டித் தம்பி வந்து போனான். நலம். அக்கா வந்தால் இங்கே எழுதவும்.'

மறுநாள் நான் போனபோது அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், கோணல் மாணலாக, பதில் இருந்தது: 'நாங்களும் நலம். ஓடு போச்சு. ஆள் இருக்கோம்.'

ஆறு வார்த்தை. இதைவிட நல்ல தந்தியை என் கையால் நான் அனுப்பியதில்லை.

அதற்கப்புறம் பலகையில் இடம் போதவில்லை. தண்ணீர் லாரி எந்த முனைக்கு எத்தனை மணிக்கு வரும், எந்தக் கடையில் மெழுகுவத்தி இருக்கிறது, ஜெனரேட்டரில் யார் செல்போன் சார்ஜ் போட்டுத் தருகிறார்கள் என்று எழுதிக்கொண்டே போனார்கள். கரண்ட் வந்தபிறகு மெனுவும் திரும்பி வந்தது. பெரியவர் பலகையை முழுக்க மெனுவுக்குக் கொடுக்க மனமில்லாமல் நடுவில் அந்தக் கோட்டைக் கிழித்தார். அவர் காலத்துக்குப் பிறகு மகனும் அதே கோட்டைத்தான் தினம் காலையில் கிழிக்கிறார்.

சாதாரண நாளில் என்ன இருக்கும் என்று உங்கள் செய்தி சொல்லவே இல்லை. நான் என் டைரியில் குறித்து வைத்திருப்பதிலிருந்து சில:

'நாளை காலை 9 முதல் 2 வரை கரண்ட் கட். மாவு இன்றே ஆட்டிக்கொள்ளவும்.'

'வெள்ளாட்டுக் குட்டி காணவில்லை. கழுத்தில் நீல ரிப்பன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராது.'

'ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாளும் மீன் விலை ஏறும். கல்லாவில் கோபப்பட வேண்டாம்.'

'நாளை ஆற்றுத் திருவிழா. மதியச் சாப்பாடு 1 மணி வரை. அப்புறம் நாங்களும் ஆற்றுக்குப் போகிறோம்.'

கடைசியாகச் சொன்னது தை மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் நடப்பது. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும். அன்றைக்கு ஊரே கிழங்குப் பையோடும் அவித்த மல்லாட்டையோடும் (வேர்க்கடலை) மணலில் உட்கார்ந்திருக்கும்போது யாருக்குக் குழம்பு ஊற்றுவது?

திங்கட்கிழமை பலகை வேறு மாதிரி. அன்று ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். விருத்தாசலம், காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்தெல்லாம் முதல் பஸ் பிடித்து மனுவோடு வருவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு யாரிடம் எதைக் கொடுப்பது என்று தெரியாது. 'மனு எழுதுபவர் 8 மணிக்கு மூன்றாவது மேசையில் இருப்பார். ஆதார் ஜெராக்ஸ் எதிர்க்கடை. பையை இங்கே வைத்துவிட்டுப் போகலாம்' என்று அன்று எழுதியிருக்கும். இதில் விநோதம் எங்கே வந்தது ஐயா? காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த மனிதருக்கு அன்றைக்குத் தேவையான செய்தி அது ஒன்றுதான்.

எல்லாவற்றையும் எழுத விடமாட்டார் தம்பி. கட்சிக் கூட்டம் கிடையாது, சீட்டுப் பிடிப்பது கிடையாது, நன்கொடை வசூல் கிடையாது. எழுதச் சொல்கிறவர் நேரில் வர வேண்டும், தன் கையாலேயே எழுத வேண்டும், கீழே பெயர் போட வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு மட்டும் சப்ளையர் பையன் எழுதிக் கொடுப்பான். அவனுக்கு ள, ல, ழ மூன்றும் ஒன்றுதான், அதை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம். இரவு கடை மூடும்போது ஈரத் துணியால் துடைத்துவிடுவார்கள். மறுநாளும் வேண்டுமென்றால் மறுநாள் வந்து எழுத வேண்டும்.

பலகையிலும் தவறு வந்திருக்கிறது. மறைக்க விரும்பவில்லை. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருவர் காலமானார். துக்கத்தில் ஓடி வந்த உறவுக்காரப் பையன் பெயரையும் தெருவையும் மட்டும் எழுதிவிட்டு, வீடு எது என்று எழுதாமல் போய்விட்டான். உயிரோடு இருந்தவர் அன்று காலையே டிபனுக்கு வந்து, 'எடுப்பது மாலை 4 மணி' என்று தன் பெயரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "தம்பி, நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு, பொங்கல் கொண்டாரச் சொல்லு" என்றார். தம்பி உடனே அதை அழித்துவிட்டுத் திருத்தம் எழுதினார். அதே உயர எழுத்தில், அதே இடத்தில், மூன்று நாள் தொடர்ந்து: 'முன்பு எழுதியது தவறு. மாடி வீட்டு ஐயா நலம். இரண்டு பொங்கல் சாப்பிட்டார்.'

உங்கள் பத்திரிகையின் திருத்தங்கள் உள்பக்க மூலையில், எள் அளவு எழுத்தில், ஒரே ஒரு நாள் வருகின்றன. குறை சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னேன்.

இதெல்லாம் இப்போது வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகிறதே, பலகை எதற்கு என்று என் மகனும் கேட்கிறான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அதற்கடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் விட்டார்கள். குண்டு உப்பலவாடி, நாணமேடு பக்கமெல்லாம் வெள்ளம். அப்போது எங்கள் தெருக் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. யாரோ ஒரு ஆள், மூச்சு வாங்க, 'அணை உடைஞ்சிடுச்சு' என்கிறார். பேசியது யார் என்று அனுப்பியவருக்கும் தெரியாது. அவருக்கு அனுப்பியவருக்கும் தெரியாது. ஆற்றிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டில் பீரோவை மாடிக்குத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தம்பி மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்குப் போன் போட்டார். பலமுறை போட்டபிறகு கிடைத்தது. பலகையின் இரண்டு பக்கத்தையும் துடைத்துவிட்டு, மெனு இடத்தையும் சேர்த்துப் பெரிதாக எழுதி, பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்: 'காலை 10.40. கட்டுப்பாட்டு அறையில் நானே கேட்டேன். அணை உடையவில்லை. தண்ணீர் திறப்பு மிக அதிகம். ஆற்றோரம் இருப்பவர்கள் முகாமுக்குப் போகவும். மற்றவர்கள் வீட்டிலேயே இருக்கவும்.' கீழே அவர் பெயர். தப்பாக இருந்தால் வந்து சட்டையைப் பிடிக்கலாம் என்கிற மாதிரி.

தந்தியிலும் அப்படித்தான். ஒவ்வொரு செய்திக்கும் எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு, யார் அனுப்பியது என்று இருக்கும். 2013 ஜூலை மாதம் தந்தியை நிறுத்தினார்கள். கடைசி நாள் வரிசையில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் ஞாபகத்துக்குத் தங்களுக்கே தந்தி அடித்துக்கொண்டவர்கள். நானும் ஒன்று எனக்கே அடித்துக்கொண்டேன். என்ன எழுதினேன் என்பது இங்கே வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் பூ கட்டி விற்ற அம்மாள் ஒருவர் இறந்தபோது, அவர் பிள்ளைகள் பத்திரிகையில் படம் போட்டு அறிவிப்புத் தரலாம் என்று விசாரிக்கப் போனார்கள். கட்டணத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். எந்தப் பத்திரிகை என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றிலும் அதே கணக்குதான் இருக்கும். பலகையில் ஒரு வரி எழுதினார்கள். அன்று மாலை அந்தச் சின்னச் சந்தில் கோர்ட் குமாஸ்தாக்கள் நின்றார்கள், மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றார்கள், கல்லாவைப் பூட்டிவிட்டுத் தம்பியும் நின்றார். சாமி படத்துக்குத் தினம் ஒரு முழம் அவரிடம் வாங்கியவர்கள்.

உங்கள் உள்ளூர்ப் பக்கத்தை நான் தினம் படிக்கிறேன். பொன்னாடைப் படங்கள் நான்கு இருக்கும், ஆர்ப்பாட்டம் ஒன்று இருக்கும், ஆய்வுக் கூட்டம் கட்டாயம் இருக்கும். போன மாதம் எங்கள் பகுதி மின்தடை அறிவிப்பு, தடை முடிந்த மறுநாள் வந்தது. அந்தப் பக்கத்தில் தினம் கால் பத்தி ஒதுக்குங்கள் என்று கேட்கிறேன். நாளைய மின்தடை, எந்தப் பகுதிக்குத் தண்ணீர் வராது, யார் காலமானார், எது காணாமல் போனது, எது கிடைத்தது. கட்டணம் இல்லாமல், அனுப்பியவர் பெயரோடு. உங்கள் நிருபர் இதற்காக அலைய வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்கு இந்தக் கடைக்கு வந்து ஒரு பொங்கல் சாப்பிட்டால் பாதி வேலை முடிந்தது. பொங்கல் செலவு என்னுடையது.

கால் பத்தி முடியாது என்றால், கொரோனா என்பதை 2011 என்றாவது திருத்திப் போடுங்கள். பெரியவரின் படம் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. உங்கள் செய்தியை வெட்டி அதற்குக் கீழே ஒட்ட வேண்டும் என்று தம்பி ஆசைப்படுகிறார். பிழையோடு ஒட்டத் தயங்குகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பின்குறிப்பு: கோர்ட் வாசலில் கிடைத்த மூக்குக் கண்ணாடி ஒன்று பத்து நாளாகக் கல்லாவில் இருக்கிறது. கறுப்பு ஃபிரேம், ஒரு காதில் நூல் கட்டியிருக்கிறது, பவர் அதிகம். பலகையில் தினம் எழுதுகிறோம். தொலைத்தவருக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லையோ என்னவோ. இதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடவும்.