மருமகளிடமும் கேளுங்கள்: ஒரு சுகாதாரத் தன்னார்வலருக்குக் கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க உங்களைப் போன்றவர்கள் வீடு தேடி வருகிறீர்கள். ஓய்வுபெற்ற செவிலியர் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் முன், வீட்டிலுள்ள முதியவரின் நினைவாற்றலைப் பற்றி அவருடன் கூடவே இருப்பவரிடம் விசாரியுங்கள்.

முதியவரையே சோதித்தால் போதாதா என்று தோன்றலாம். தேதி சொல்லவும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும், ஒரு வாக்கியம் எழுதவும் சொல்கிற சோதனையில், பள்ளிக்கூடமே போகாத பாட்டி நல்ல நினைவோடு இருந்தும் தோற்றுவிடுவார். ஓய்வுபெற்ற ஆசிரியரோ சரிவு தொடங்கிய பின்னும் தேறிவிடுவார். 1989-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான 26 கேள்விப் படிவம், 10 ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இப்போது எப்படி என்று உறவினரிடம் கேட்கிறது. 2005-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உருவான ‘ஏடி8’ படிவத்தில் எட்டே கேள்விகள். இரண்டுக்காவது ‘மாற்றம் உண்டு’ என்று பதில் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். ஒருவரை அவருடைய பழைய நிலையோடு ஒப்பிடுவதால் படிப்பின் குறுக்கீடு இவற்றில் குறைவு.

“பணக் கணக்கில் தடுமாறுகிறாரா?” என்று மொட்டையாகக் கேட்டால் “வயசாச்சில்ல” என்றுதான் பதில் வரும். கேள்வியின் பொருளை மாற்றாமல் நம் ஊர் உதாரணத்தைச் சேருங்கள். சொசைட்டிக்கு ஊற்றிய பாலுக்கு மனக்கணக்கிலேயே காசு சொன்னவர் இப்போது பேரனைக் கேட்கிறாரா? காலமெல்லாம் களி கிண்டியவர், உலை கொதித்த பின்னும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் மாவும் கையுமாக நிற்கிறாரா? இப்படிக் கேட்டால் மருமகள் சற்று யோசித்து, எந்தப் பண்டிகையிலிருந்து அப்படி என்றுகூடச் சொல்வார்.

ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு விடுமுறைக்கு வரும் மகன், “அம்மா நல்லாத்தான் பேசுறாங்க” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அரைநாள் பேச்சில் இது பிடிபடாது. அதற்காக மருமகள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளவும் கூடாது. பார்த்துப் பார்த்துக் களைத்தவர், தாமே மனச்சோர்வில் இருப்பவர், உள்ளதைக் கூட்டிச் சொல்லக்கூடும். சொத்துத் தகராறு உள்ள வீட்டில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். முடிந்தால் இருவரிடம் தனித்தனியாக, முதியவர் காதில் விழாதபடி கேளுங்கள்.

பதிலை வைத்து நோய்க்கு நீங்களே பெயர் சூட்டிவிடாதீர்கள். தைராய்டு குறைபாடு, பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, காது கேளாமை, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். ‘புத்தி பேதலித்துவிட்டது’ என்ற பேச்சு தெருவில் பரவினால், சாவியும் சுருக்குப்பையும் அன்றே அவர் கையைவிட்டுப் போய்விடும். வீட்டார் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக் கொடுத்து, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

இரண்டொரு நாளில் திடீரென்று குழம்பிப்போனவருக்கு மட்டும் எந்தப் படிவமும் வேண்டாம். காய்ச்சலோ, சிறுநீர்த் தொற்றோ, ரத்தத்தில் உப்புக் குறைவோ, பக்கவாதமோ காரணமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா