கொழிஞ்சாம்பாறையிலிருந்து அம்மா

கண்ணு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா? முட்டி வலி தேவலையா? ஜூன் வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு ஆடினால் முட்டி என்னத்துக்கு ஆகும்?

ஆமாம், அந்த வானவில் ஊர்வலத்தில் நீ ஆடியதைப் பார்த்தேன். உன் சித்தி மகள்தான் வீடியோவைக் காட்டினாள். பறை முழங்குகிறது, நீ இடுப்பில் வானவில் துணியைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் ஆடுகிறாய். இடது கால் சலங்கை அவிழ்ந்து தொங்கியது. குனிந்துகூடப் பார்க்காமல் ஓர் உதறு உதறிவிட்டு அடுத்த அடி வைத்தாய். தாளம் பிசகவில்லை. மாமன் கரகம் எடுத்தாலும் அப்படித்தான். ஆனால் ஓரத்தில் நின்ற போலீஸ்காரரைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தனியாகப் போகாதே. கூட்டத்தோடு போ, கூட்டத்தோடு திரும்பு.

பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னது எதுவும் மறக்கவில்லை. 1979-இல் சிகாகோ மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். அது கறுப்பின மக்களும் ஒருபால் ஈர்ப்புள்ளவர்களும் ஆடிய இசை என்ற வெறுப்பும் அதில் இருந்தது என்றாய். அதே ஊரில், வேர்ஹவுஸ் கிளப்பில், ஃபிராங்கி நக்கிள்ஸ் என்கிற டிஜே இசைத்துக்கொண்டேதான் இருந்தார், ஹவுஸ் என்கிற ஆட்ட இசை அங்கிருந்துதான் வந்தது என்றாய். அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் என்னிடம் வந்து, "அந்த ஆள் பேர் என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

அப்புறம் அந்த நியூயார்க் ஹார்லெம் கதை. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து ஆட்டப் போட்டிக்குப் போவார்கள், மூத்தவர் ஒருவர் எல்லோருக்கும் அம்மா என்றாய். நம் பக்கம் திருநங்கைகளும் அப்படித்தானே, மூத்தவரை அம்மாவாக ஏற்றுக்கொள்கிறார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. உனக்கும் அங்கே ஓர் அம்மா தேவைப்பட்டாரா? இருந்தால் இருக்கட்டும், நான் கேட்டதாகச் சொல். ஆனால் இந்த வீட்டிலிருந்து உன்னை யாரும் துரத்தவில்லை. துரத்த நான் விடவும் மாட்டேன். ராத்திரியில் தனியாகச் சுற்றாதே.

2018 செப்டம்பரில், ஒருபால் உறவு குற்றமில்லை என்று அந்த 377 தீர்ப்பு வந்த அன்று நீ அறைக்குள் அழுதது எனக்குத் தெரியும். நீயாகச் சொல்லட்டும் என்று இருக்கிறேன்.

ஆடிப் பெருக்குக்கு வா. உன்னோடு கைகோத்து ஆடினானே, அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வா. பொள்ளாச்சியில் இறங்கினால் அப்பா வண்டி கொண்டுவருகிறாராம், அவரேதான் சொன்னார். அவன் கறி சாப்பிடுவானா என்று மட்டும் எழுது.

அம்மா