டெபியனின் கணிதப் பொதிகளுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், பாரி, ஃபிளின்ட், சிங்குலர், மாக்சிமா, சேஜ்மேத் என்று டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் இருக்கும் கணிதப் பொதிகளை (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் தொகுப்புகளை) ஒரு சிறு குழு மட்டும் தாங்கிப் பிடித்துவிட முடியாது. வழு (மென்பொருள் பிழை) சொன்னவர்கள், பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பியவர்கள், மென்பொருளை எழுதிய மூல ஆசிரியர்கள், வெவ்வேறு கணினிக் கட்டமைப்புகளை (செயலி வகைகளை) கவனிப்பவர்கள் எல்லோருக்குமாக இந்த மடலை எழுதுகிறோம்.

மற்ற மென்பொருள் பழுதானால் பெரும்பாலும் நின்றுபோகும். கணித மென்பொருள் தவறான விடையை அச்சிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஆகவே, கம்பைல் ஆகிவிட்டது என்பதோடு நிற்காமல் விடை சரிதானா என்று பார்த்தவர்களுக்கே எங்கள் முதல் நன்றி.

இதில் கட்டமைப்புப் பராமரிப்பாளர்களின் உழைப்பு வெளியே அதிகம் தெரிவதில்லை. டெபியன் 12 வரை, 32 பிட் இன்டெல் வகையான ஐ386-இன் குறைந்தபட்சத் தேவையில் எஸ்எஸ்இ2 என்ற புதிய கணக்குக் கட்டளைகள் கிடையாது. தசமக் கணக்கு பழைய எக்ஸ்87 அலகில் நடக்கும். அதன் பதிவேடு 80 பிட் அகலம். எண்ணின் இலக்கங்களுக்கு அதில் 64 பிட். நினைவகத்தில் ‘டபுள்’ என்ற 64 பிட் எண் வகையாக எழுதும்போது அது 53 பிட்டாகச் சுருங்கும். ரவுண்டிங் இரண்டு முறை நடப்பதால் கடைசி இலக்கம் மாறும். அதைவிட மோசம், பதிவேட்டில் இருக்கும் மதிப்பும் நினைவகத்துக்குப் போய்வந்த அதே மதிப்பும் சமமில்லை என்று ஒப்பீடு சொல்லிவிடும். 64 பிட் ஆர்ம் செயலிகளான ஆர்ம்64-இல் வேறு சிக்கல். அங்கே ஜிசிசி கம்பைலர் வழக்கமான அமைப்பிலேயே பெருக்கலையும் கூட்டலையும் எஃப்எம்ஏ என்ற ஒரே கட்டளையாக இணைக்கும், ரவுண்டிங் ஒருமுறைதான். சமமான இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கழித்தால் சுழியம் வராமல் மிகச் சிறிய எச்சம் வரலாம். அந்த எச்சம் எதிர்மறையாகி அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் விடை ‘நான்’ (NaN, அதாவது ‘எண் அல்ல’) ஆகிவிடும். வழக்கமான 64 பிட் கணினிகளான ஏஎம்டி64-இன் அடிப்படைத் தேவையில் எஃப்எம்ஏ இல்லாததால் ஆசிரியரின் கணினியில் இது தெரியவே தெரியாது. இப்படி இணைப்பதைக் கட்டுப்படுத்தும் ‘எஃப்பி-கான்ட்ராக்ட்’ விருப்பத்தை அணைத்துப் பொதியைக் கட்டி (கம்பைல் செய்து), பழுது மறைகிறதா என்று பார்த்து, காரணத்தையும் எழுதி அனுப்பினீர்கள். ஆர்ம், பவர்பிசி கணினிகளில் ‘சார்’ (char) என்ற எழுத்து வகைக்குக் குறி இல்லை, அதாவது எதிர்மறை மதிப்பு அதில் நிற்காது. அதில் மைனஸ் 1 வைத்து ‘சுழியத்தைவிடக் குறைவா’ என்று கேட்டால் ஒருபோதும் ஆம் என்று வராது; நிரல் முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உயர் பைட்டை முதலில் வைக்கும் ஐபிஎம் பெருங்கணினி வகையான எஸ்390எக்ஸ்-இல், 64 பிட் எண்ணை இரண்டு 32 பிட் துண்டுகளாகப் படிக்கும் நிரல் துண்டுகளை இடம் மாற்றிவிடும். இவை ஒவ்வொன்றையும் வரி எண்ணோடு காட்டித் தந்தவர்கள் நீங்கள்.

தோற்கும் சோதனையை அணைத்துவிடுவது எளிது. அதைச் செய்யாமல் சோதனையையே திருத்தியவர்களுக்குத் தனி நன்றி. 15 இலக்கத்தையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில், 10-இன் அடுக்கு −12 அளவுக்குச் சார்புப் பிழையை அனுமதித்தீர்கள். ஐகன் வெக்டரின் குறியும் காரணிகளின் வரிசையும் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம், அது தவறல்ல. எனவே காரணிகளை மீண்டும் பெருக்கி மூலப் பல்லுறுப்புக்கோவை கிடைக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளை எழுதினீர்கள். நிறுவிய பின் ஓடும் சோதனைகளும் அப்படித்தான் உதவின. பாரியில் படி 8 முதல் 11 வரையான பல்லுறுப்புக்கோவைகளுக்குக் கால்வா குலம் (மூலங்களின் சமச்சீர்களைக் காட்டும் குலம்) காண ‘கால்டேட்டா’ தரவு வேண்டும். அது தனிப் பொதி. கட்டும் நேரத்தில் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் இப்படி விடுபடும் சார்புகள் (தேவைப்படும் வேறு பொதிகள்) அங்கே பிடிபடாது, நிறுவிய பின் ஓட்டினால்தான் பிடிபடும்.

வழு அறிக்கை எழுதுபவர்களுக்கும் சொல்ல வேண்டும். ‘சேஜ் விழுந்துவிட்டது’ என்பதற்குப் பதில் ஐந்து வரி எடுத்துக்காட்டு, அணியின் அளவு, எந்த பிளாஸ் (அணிக் கணக்குகளுக்கான அடிப்படை லைப்ரரி) நிறுவப்பட்டிருக்கிறது என்ற தகவல் மூன்றும் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. டெபியனில் நெட்லிப் பிளாஸ், ஓபன்பிளாஸ், பிலிஸ் மூன்றும் ஒரே லைப்ரரிப் பெயரில் மாற்றி மாற்றி அமரக்கூடியவை. எது அமர்ந்திருக்கிறது என்பதை அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் என்ற கட்டளை காட்டும். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ஓபன்பிளாஸ் ஒரே நேரத்தில் ஓட்டும் இழைகளின் (threads) எண்ணிக்கையை 1 ஆக்கியும், கோர்டைப் மாறியில் வேறு செயலி வகையைக் கொடுத்தும் ஓட்டிப் பார்த்தீர்கள். பழுது இழைகளிலா, ஒரு குறிப்பிட்ட செயலிக்கான நிரலிலா என்று அதிலேயே பிரிந்துவிடும்.

எண் கோட்பாட்டு லைப்ரரியான ஃபிளின்ட்டின் 3-ஆம் பதிப்பு வந்த 2023-ஐ இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். ஆர்ப் என்ற தனி லைப்ரரி அதற்குள் இணைந்தது. ஹெட்டர் கோப்புகளின் (செயற்கூறுகளை அறிவிக்கும் கோப்புகளின்) இடம் மாறியது. லைப்ரரியின் ஒத்திசைவைக் குறிக்கும் எஸ்ஓநேம் எண் மாறினால் பொதியின் பெயரும் மாறும், புதுப் பெயர் என்பதால் களஞ்சியத்தைக் கவனிக்கும் எஃப்டிபி குழு அதைக் கையால் பரிசோதிக்க வேண்டும். முதலில் சோதனைக் களமான எக்ஸ்பெரிமென்டலில் ஏற்றி, சார்ந்திருக்கும் பொதிகளை எல்லாம் அதன்மேல் கட்டிப் பார்த்து, உடைபவற்றுக்குப் பேட்ச் வாங்கி, வெளியீட்டுக் குழுவின் ஒப்புதலோடு வளர்ச்சிக் களமான அன்ஸ்டேபிளுக்குக் கொண்டுவந்து, பிறகு சார்ந்த பொதிகளை மீண்டும் கட்ட வேண்டும். ஒரு பொதி தோற்றாலும் மற்றவை அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங்குக்குள் நுழைய முடியாமல் காத்திருக்கும். இத்தகைய மாற்றங்களின்போது பழைய பதிப்பு, புதிய பதிப்பு இரண்டோடும் கட்டும்படி நிரலைத் திருத்திக் கொடுத்த ஆசிரியர்களால்தான் அந்தக் காத்திருப்பு குறைகிறது.

ஜிசிசி 14, அறிவிக்காத செயற்கூறுகளை எச்சரிக்கையிலிருந்து பிழையாக மாற்றியபோதும் அப்படியே. பழைய நிரல்களில் விடுபட்ட ஒரு ஹெட்டர், 64 பிட் சுட்டியை 32 பிட் முழு எண்ணாக நறுக்கிவிடக்கூடியது. விருப்பத்தை மாற்றிப் பிழையை அமுக்காமல் ஹெட்டரைச் சேர்த்து, மூலத் திட்டத்துக்கும் அனுப்பி, அந்த விவரத்தைப் பேட்சின் தலைப்பில் குறித்தும் வைத்தீர்கள்.

உரிமம் பற்றி ஒன்று. வரைபடங்களின் (graphs) சமச்சீர்களைக் காணும் நௌட்டி மென்பொருளின் பழைய உரிமம் ராணுவப் பயன்பாட்டை விலக்கியதால் அது டெபியனின் முதன்மைக் களஞ்சியத்துக்குப் பொருந்தாமல் இருந்தது. 2.6-ஆம் பதிப்பில் அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாற்றிய பிரெண்டன் மெக்கே, அடோல்ஃபோ பிப்பெர்னோ இருவருக்கும் வரைபடக் கோட்பாட்டில் வேலை செய்யும் எல்லோரும் கடன்பட்டிருக்கிறார்கள். பிடிஎஃப் கையேட்டோடு அதன் லேடெக் மூலத்தையும் சேர்த்து வெளியிடும் ஆசிரியர்களுக்கும் இதே நன்றி. மூலம் இல்லையென்றால் கையேட்டை நீக்கி மறுபொதி செய்ய நேரும், பயனருக்கு அது நட்டம்.

திருத்தம் ஏறியதும் முன்பு தவறிய அதே கணக்கை மீண்டும் ஓட்டி, ‘இப்போது சரியாக வருகிறது’ என்று வழுவின் கீழே ஒரு வரி எழுதுகிறீர்களே, அதற்கும் நன்றி. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் ஏற்கெனவே வெளியான ஸ்டேபிள் பதிப்புக்கும் அதே திருத்தத்தைக் கேட்க எங்களுக்குத் துணிவு வருகிறது.

நன்றியுடன்,
கணிதப் பொதிகளைப் பராமரிக்கும் குழுவினர்