39 பல்லைக் கழற்றிவிட்டேன், அண்ணா

கிரெனோபிள், பிரான்ஸ்
ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீ எழுதி மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்கு வேலையைக் காரணம் காட்டலாம், ஆனால் அது பாதிப் பொய். நீ கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் எழுதக் கை வரவில்லை, அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினாலும் நீ கியர் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடுவாய். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ பூட்டிக் கொடுத்து அனுப்பிய 53 பல், 39 பல் முன் சக்கர ஜோடி (53/39) இப்போது சைக்கிளில் இல்லை. முன்னால் 50/34, பின்னால் இருக்கும் பல் அடுக்கு 12-25க்குப் பதில் 11-32, எல்லாம் மேட்டில் மிதிக்க லேசாக இருக்கத்தான். திட்டுவதற்கு முன் முழுதும் படி.

இந்த நகரம் தரையோடு தரையாகக் கிடக்கிறது, கடல் மட்டத்திலிருந்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர்தான். ஆனால் மூன்று பக்கமும் மலை: வெர்கோர், ஷார்த்ரூஸ், பெல்தோன். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால், வேலை முடிந்து வந்து சட்டையை மாற்றிக்கொண்டு, 1326 மீட்டரில் இருக்கும் கொல் த போர்ட் வரை ஏறி இருட்டுவதற்குள் இறங்கி வந்துவிடலாம். ‘கொல்’ என்றால் கணவாய். நான் இங்கே கற்ற முதல் சொற்களில் ஒன்று. வாடகை ஒப்பந்தத்தில் இருந்த சொற்களெல்லாம் அப்புறம்தான்.

அந்தப் போர்ட் ஒன்றே கிட்டத்தட்ட 1100 மீட்டர் உயரம் ஏறும். நாம் சேர்ந்து ஏறியதெல்லாம் பத்து நிமிட மேடு, அதைப் பிடிவாதத்தாலேயே ஏறிவிடலாம், 39-ல் நின்றுகொண்டு மிதித்தால் போதும், மேலே போய் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேர மேட்டில் பிடிவாதம் இருபதாவது நிமிடத்தில் தீர்ந்துபோகிறது. மீதி எழுபது நிமிடத்துக்கு என்ன செய்வது? இதுதான் எனக்கு யாரும் சொல்லித்தராத விஷயம்.

ஆல்ப் துயெஸ் மலைச்சாலை பற்றி நீ கேட்டாய். ஏறிவிட்டேன், இரண்டு முறை. பூர்-துவாசான் என்ற சின்ன ஊரிலிருந்து 13.8 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 8.1 சதவீதம், 21 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்கு எண் தலைகீழாக ஓடும், கீழே 21, உச்சியில் 1. ஒவ்வொன்றிலும் அங்கே டூர் டி பிரான்ஸ் கட்டத்தை வென்றவரின் பெயர்ப்பலகை உண்டு. 21-ல் ஃபாஸ்தோ கோப்பி, 1952-ல் முதல் முறை பந்தயம் இங்கே வந்தபோது வென்றவர். 7-ஆம் வளைவை டச்சு வளைவு என்கிறார்கள். 1976 முதல் 1989 வரை நெதர்லாந்துக்காரர்கள் எட்டு முறை வென்றிருக்கிறார்கள், மலையே இல்லாத நாட்டுக்காரர்கள்! இதைப் படித்த பிறகு எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது, முதல் வளைவு வரைக்கும்.

ஏனென்றால் சாலை தட்டையிலிருந்து நேராகச் சுவர்போல எழும்புகிறது. முதல் இரண்டு கிலோமீட்டர் சுமார் 10 சதவீதம், கால் சூடாகக்கூட நேரம் தராது. முன்னால் உன் 39, பின்னால் 25, அந்த 39/25-ல்தான் போனேன். 94 நிமிடம் ஆயிற்று. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்: மணிக்கு 8.8 கிலோமீட்டர் வேகம், அந்தக் கியரில் பெடல் ஒரு சுற்றுக்கு 3.28 மீட்டர், ஆக நிமிடத்துக்கு 45 சுற்று. நாற்பத்தைந்து! சைக்கிள் மிதிப்பதா அது, செக்கு இழுப்பது. முழங்கால் மூன்று நாள் வலித்தது. மாற்றிய பிறகு அதே மலை 82 நிமிடம். 34/32-ல் ஒரு சுற்றுக்கு 2.23 மீட்டர்தான், கால் நிமிடத்துக்கு 75 முறை சுற்றியது, வேகமும் கூடியது, இறங்கி வந்த பிறகு படியும் ஏற முடிந்தது. இத்தாலியப் பந்தய வீரர் பந்தானி 1997-ல் ஏறியது சுமார் 37 நிமிடம், அந்தக் காலத்து ஊக்கமருந்துக் கதைகள் உனக்கே தெரியும், அதை விடு.

‘சின்னப் பல் வயசானவங்களுக்கு’ என்று நீ சொல்வாயே, உன்னை மாதிரியே ஒருவர் இங்கே இருந்திருக்கிறார். டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெகிரான்ஜ். கியர் மாற்றும் கருவியெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்று 1902-லேயே எழுதியவர், 1937 வரை தன் பந்தயத்தில் டீரெய்லரை, அதாவது செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவியை, அனுமதிக்கவே இல்லை. அதுவரை மேடு வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, பெரிய பல் இருக்கும் பக்கமாகத் திருப்பிப் போட்டு ஏற வேண்டும். அவருடைய நினைவுத்தூண் 2642 மீட்டர் கலிபியே கணவாயின் உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பனி போய்ச் சாலை திறந்ததும் போன மாதம் அங்கே போனேன். தூணைத் தாண்டும்போது 34/32-ல் லொடலொடவென்று மிதித்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்துத் தலையாட்டினேன், மனதில் உன் முகம்தான்.

எது கஷ்டம் என்று கேட்டிருந்தாய். என் கணக்கில் ஆல்ப் துயெஸ் இல்லை. அங்கே ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் சாலை கொஞ்சம் தட்டையாகும், ஐந்தாறு மிதி இளைப்பாறலாம், எண்ணும் குறைந்துகொண்டே வரும். மோன் வான்தூ மலையில் அந்தச் சலுகை கிடையாது. அடிவாரத்துப் பெதுவான் ஊரிலிருந்து 21 கிலோமீட்டர், அதில் காட்டுக்குள் போகும் ஒன்பது கிலோமீட்டர் கிட்டத்தட்ட விடாமல் 9 சதவீதம், வளைவும் இல்லை, காட்சியும் இல்லை, மரத்தையும் உன் முன்சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். காடு முடிந்ததும் வெள்ளைக் கல் மொட்டை, அங்கே காற்று பக்கவாட்டில் அறையும். உச்சிக்குச் சற்றுக் கீழே பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சனின் நினைவுக்கல். 1967 ஜூலை 13 அன்று பந்தயத்தின் நடுவில் அங்கே விழுந்து இறந்தவர். ஏறிவருகிறவர்கள் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போகிறார்கள். நானும் நின்றேன். நிற்க ஒரு சாக்கு கிடைத்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சராசரியை மட்டும் நம்பாதே. க்ருவா த ஃபேர் கணவாய் (2067 மீட்டர்) காகிதத்தில் 5 சதவீதத்துச் சொச்சம், பார்த்தால் சிரிப்பு வரும். நடுவில் இரண்டு இடத்தில் சாலை கீழே இறங்குகிறது, இறங்கியதை எல்லாம் திரும்ப ஏற வேண்டும், அந்தத் திரும்ப ஏறும் துண்டுகள் 10-க்கும் மேலே. சராசரி மட்டும் சாதுவாக இருக்கும். இங்கே பல கணவாய்களில் கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள், உச்சிக்கு இன்னும் எவ்வளவு, அடுத்த கிலோமீட்டர் எத்தனை சதவீதம் என்று. முதலில் இது பெரிய உதவி என்று நினைத்தேன். ‘9.5’ என்று வரப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதால் யாருக்கு என்ன லாபம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த ஃபேர் உச்சியில் ஒரு பெரியவர், எழுபது இருக்கும், என்னை முந்திப்போனவர்தான், என் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்து ஏதோ கேட்டார். எனக்குப் புரிந்தது ‘த்ராந்த்-து’ மட்டும். முப்பத்திரண்டு. ஆமாம் என்றேன். தன் சைக்கிளைக் காட்டி ‘த்ராந்த்-காத்ர்’ என்றார், முப்பத்து நான்கு, பெருமையோடு. அன்றைக்கு என்னுடைய பாதிக் கூச்சம் போயிற்று. மொழி வகுப்பில் எண்கள் தலையில் ஏறவே இல்லை, கேசட் (பின் பல் அடுக்கு) பல்லில் ஏறிவிட்டது. முன் பல்சக்கரம் பிளாத்தோ, பின்னால் இருப்பது பின்யோன். அலுவலகத்தில் இன்னும் திக்கித் திக்கித்தான் பேசுகிறேன், சைக்கிள்காரர்களோடு மட்டும் வாய் ஓடுகிறது.

எடையைப் பற்றி இங்கேயும் ஓயாமல் பேசுகிறார்கள், கிராம் கணக்கில். பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று 2000-லிருந்து விதி இருக்கிறது, பந்தயத்துக்கே போகாதவர்கள்தான் அதைவிடக் குறைக்கத் துடிக்கிறார்கள். நானும் சைக்கிளும் சேர்ந்து 82 கிலோ. ஒரு கிலோ குறைத்தால் ஆல்ப் துயெஸில் எனக்குக் கிடைப்பது சுமார் ஒரு நிமிடம். பல் மாற்றியதில் கிடைத்தது பன்னிரண்டு. சரி, அதில் கொஞ்சம் பயிற்சியால் வந்தது, அதை நீ சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

இறக்கத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதியை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். ஏற்றம் தெரியாமல் வந்தேன், அது பரவாயில்லை, ஏற்றத்தில் தப்பு செய்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். ஆல்ப் துயெஸிலிருந்து முதல் முறை இறங்கியபோது மேலிருந்து கீழ் வரை பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்தே வந்தேன். கீழே வந்து ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டுவிட்டது. பிரேக் கட்டையில் அலுமினியத் துணுக்குகள் பதிந்திருந்தன. 82 கிலோவை 1100 மீட்டர் இறக்கினால் வரும் சக்தி, முழுக்கச் சூடாக மாறினால், இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதில் பெரும்பங்கை அந்த மெல்லிய ரிம்மிடமே கொடுத்திருக்கிறேன். உள்ளே டியூப் வெடிக்காதது என் அதிர்ஷ்டம்.

கூட வேலை பார்க்கும் ஒரு பெண் இந்த மலைகளிலேயே வளர்ந்தவர், அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நேர்ச்சாலையில் விட்டுவிடு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் நன்றாக, ஆனால் கொஞ்ச நேரமே பிடி, வளைவுக்குள் நுழையும்போது பிரேக் முடிந்திருக்க வேண்டும். வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை முழுவதும் அதன் மேல். கண் முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கல்லைப் பார்க்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும், கல்லைப் பார்த்தால் கல்லிடம்தான் போவாய். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 8 சதவீதத்தில் மணிக்கு 60 தொட்டால் காற்றே கிட்டத்தட்ட எல்லா வேலையையும் பார்த்துக்கொள்கிறது, மேலும் வேகம் எகிறுவதில்லை. 25-ல் பயந்து பயந்து இறங்கினால்தான் முழுச் சுமையும் பிரேக் மேல் விழுகிறது. எனக்கு இது புரிய இரண்டு மாதம் ஆயிற்று. இன்னும் 60 தொட மாட்டேன், 50 போதும்.

பந்தயக்காரர்கள் மணிக்கு 100 போகிறார்களாமே என்று கேட்டாயே, உண்மைதான். 2022-ல் பிரிட்டிஷ் வீரர் டாம் பிட்காக் இதே கலிபியே இறக்கத்தில் 100-ஐத் தொட்டு, அன்றைக்கே ஆல்ப் துயெஸையும் வென்றார். நடுக்கம்பியில் உட்கார்ந்து குறுகி இறங்குவதைப் போட்டிகளில் 2021-லேயே தடை செய்துவிட்டார்கள், ஆகவே அவர் சீட்டில் இருந்தபடியேதான் அப்படிப் போனார். நீ முயற்சி செய்யாதே.

ஒரு வேடிக்கை. அந்தப் பெண் ஒரு நாள் தன் டிஸ்க் பிரேக் சைக்கிளைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நம் சைக்கிளில் வலது கை முன்பிரேக். இங்கே விற்பதில் இடது கை முன்பிரேக். வண்டிகள் வலப்பக்கம் போகின்றன என்பதை முதல் வாரத்திலேயே பழகிவிட்டேன், இதை யாரும் சொல்லவில்லை. முன்பிரேக் என்று நினைத்து வலது கையால் பலமாகப் பிடித்தேன், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் ஆட்டியது, விழாமல் ஓரத்துப் புல்லில் போய் நின்றேன். அவர் சிரிக்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டார். ஆனாலும் டிஸ்க் நல்ல பொருள்தான், ஈரத்தில் ஒரு விரலில் நிற்கிறது. நம் ரிம் பிரேக்கில் மழையன்று கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கவே ஆரம்பிக்கும். அந்த ஒரு நொடி வளைவுக்கு முன்னால் ரொம்ப நீளம்.

இரும்புச் சட்டத்தை மாற்ற மாட்டேன், கவலைப்படாதே. டயர் அகலம் மட்டும் 23 மில்லிமீட்டர் போய் 25, அதற்கு மேல் இடம் இல்லை. காற்றும் கொஞ்சம் குறைத்தேன், கரடுமுரடில் இனி பல் ஆடாது.

39 பல்லை மட்டும் கழற்றி 34 போட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். முடியாது. நீ போட்டதில் பல்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளின் வட்டம் 130 மில்லிமீட்டர், அதில் 38 பல்லுக்குக் கீழே ஏறாது. அதனால் கிராங்க் (பெடல் பூட்டும் கை) முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று, அதோடு நீளக் கூண்டு டீரெய்லர், நீளச் செயின். பழையதை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அடுத்த கோடையில் நீ வருவதாக அண்ணி எழுதியிருந்தார். சைக்கிளோடு வருவதாக இருந்தால், உன் டீரெய்லர் கூண்டில் இருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களுக்கும் நடுவில், அச்சுக்கு அச்சு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுது. 34 ஏறுமா என்று இங்கே பார்த்துச் சொல்கிறேன். வேண்டாம் என்று அடம்பிடித்தால் உன் 39 இங்கேயேதான் இருக்கிறது, வந்து நீயே பூட்டிக்கொள்.

உன் தம்பி