ஏன் அவர்களைப் போகச் சொல்லவில்லை?

மாப்ளே,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. பாப்பாவுக்கு இங்கே தென் கொரியாவில், சுவோன் நகரத்தில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்தது இன்னும் பெரிய சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். பியோங்தேக்கில் குளிர் ஆரம்பித்துவிட்டது. சின்னவன் கொரிய மொழியிலேயே சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டான்.

நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். வட கொரியா ஏவுகணை விடுவதை டிவியில் காட்டிக்கொண்டே இருக்கிறார்களே, பிள்ளையை நம்பி அனுப்பலாமா என்பது ஒன்று. சாம்சங்கும் ஹூண்டாயும் வைத்திருக்கிற நாடு, எழுபது வருஷத்துக்கு மேல் அமெரிக்கப் பட்டாளத்தை வைத்துக்கொண்டிருக்கிறதே, ஜனங்களும் அதை ஆதரிக்கிறார்களே, ரோஷம் இல்லையா என்பது இன்னொன்று. ரோஷத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்த வார்த்தைதான் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்துவிட்டது.

நான் இருக்கும் ஊரே அந்தப் பட்டாளத்தின் ஊர்தான். அமெரிக்காவுக்கு வெளியே அவர்களுடைய மிகப் பெரிய தளமான கேம்ப் ஹம்ப்ரீஸ் இங்கேதான் இருக்கிறது, 2018-இல் தலைமையகமும் சியோலிலிருந்து இங்கே வந்துவிட்டது. நாடு முழுக்க சுமார் 28,500 அமெரிக்க வீரர்கள் இருக்கிறார்கள். அதற்காகக் கொரியர்கள் தங்களைக் காத்துக்கொள்ளாமல் சும்மா இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதே. என் ஆபீஸில் இருக்கும் ஆண்கள் கிட்டத்தட்ட எல்லாருமே கட்டாய ராணுவ சேவை முடித்தவர்கள், தரைப்படை என்றால் பதினெட்டு மாதம்.

அமெரிக்கர்கள் ஒருமுறை போய்த்தான் பார்த்தார்கள். 1949 ஜூனில் அமெரிக்கா தன் போர்ப்படைகளை இங்கிருந்து விலக்கிக்கொண்டது. சரியாக ஒரு வருஷத்தில், 1950 ஜூன் 25 அன்று, வட கொரியப் படை எல்லை தாண்டி வந்தது, மூன்றே நாளில் சியோல் விழுந்துவிட்டது. போருக்கு வேறு காரணங்களும் உண்டு, சோவியத்தின் ஸ்டாலின் உண்டு, சீனாவின் மாவோ உண்டு, எல்லையில் இரண்டு பக்கமும் நடந்த சண்டைகள் உண்டு. ஆனால் அந்த இரண்டு தேதிகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதை இங்கே வயதானவர்கள் யாரும் மறக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கார அம்மாவின் குடும்பம் வடக்கே ஹுங்னாம் பக்கத்திலிருந்து வந்தது. 1950 டிசம்பரில் சீனப்படை இறங்கி அமெரிக்கர்கள் பின்வாங்கியபோது, அந்தத் துறைமுகத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு லட்சம் பொதுமக்களையும் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மெரிடித் விக்டரி என்ற ஒரே சரக்குக் கப்பலில் மட்டும் சுமார் 14,000 பேர். பின்னால் ஜனாதிபதியான மூன் ஜே-இன்னின் அப்பா அம்மா அந்தக் கப்பலில் வந்தவர்கள்தான். எங்கள் வீட்டுக்கார அம்மா அப்போது கைக்குழந்தை, அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை, வீட்டில் சொல்லிச் சொல்லிக் கேட்டதுதான். ஆனாலும் டிசம்பர் வந்தால் அவர் பேச்சே மாறிவிடும்.

அதே வருஷம் ஜூலையில், நோ குன் ரி என்ற இடத்தில், ரயில் பாலத்துக்கு அடியில் ஒதுங்கியிருந்த அகதிகளை அமெரிக்க வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2001-இல்தான் அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் வருத்தம் தெரிவித்தார். ஒரே படை, ஒரே வருஷம். இந்த இரண்டையும் சேர்த்து மனசில் வைத்திருக்கும் ஜனங்களை ரோஷம் இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மாப்ளே.

2002-இல் என்ன நடந்தது தெரியுமா? யாங்ஜுவில் ரோட்டோரம் நடந்து போன இரண்டு பள்ளிச் சிறுமிகள் மேல் அமெரிக்கக் கவச வண்டி ஏறிவிட்டது. இரண்டு பேருக்கும் பதினான்கு வயது. வழக்கு அமெரிக்க ராணுவ நீதிமன்றத்தில்தான் நடந்தது, வண்டியில் இருந்த இரண்டு வீரர்களும் விடுதலையானார்கள். அதன்பின் சியோல் தெருக்களில் மெழுகுவர்த்தியோடு கூட்டம் கூட்டமாக ஜனங்கள் இறங்கினார்கள். அந்தக் கோபத்துக்கு நடுவில்தான் அந்த டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் ரோ மூ-ஹியூன் ஜெயித்தார், அமெரிக்காவுக்குத் தலைகுனிய மாட்டேன் என்ற தோரணையில் வந்தவர். அவரும் படைகளைப் போகச் சொல்லவில்லை. இராக்குக்குக் கொரியப் படையை அனுப்பியதும், இந்த ஊரில் தளத்தைப் பெரிதாக்க 2006-இல் தேச்சூரி கிராமத்து விவசாயிகளைப் போலீஸ் வைத்து அப்புறப்படுத்தியதும் அவருடைய அரசாங்கம்தான். அந்த விவசாயிகள் நிலத்தை விட மாட்டோம் என்று வருஷக்கணக்கில் போராடியவர்கள். நாட்டுக்குப் பாதுகாப்பு தேவை என்றால் அதன் விலையை ஒரு கிராமம் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? இதற்கு இங்கே யாரும் எனக்கு நேரான பதில் சொன்னதில்லை.

அப்புறம் 2010. மார்ச்சில் தென் கொரியாவின் சோனான் போர்க்கப்பல் மூழ்கி 46 கடற்படையினர் இறந்தார்கள். வட கொரியாவின் டார்பிடோதான் காரணம் என்று பன்னாட்டு விசாரணைக் குழு சொன்னது, வடக்கு மறுத்தது. நவம்பரில் தெற்கின் யோன்பியோங் தீவின் மேல் வட கொரியாவின் பீரங்கிக் குண்டுகள் விழுந்தன, குடியிருப்புகள் எரிந்தன, இரண்டு வீரர்களும் இரண்டு கட்டட வேலையாட்களும் செத்துப்போனார்கள். எங்களோடு வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர்களுக்கு, மெழுகுவர்த்தி பிடித்த வயதும் இந்தச் செய்தியைப் பார்த்த வயதும் ஒன்றுக்கொன்று பக்கம்தான். இப்போதோ வட கொரியத் தலைவர் கிம் ஜாங்-உன் இரண்டு கொரியாவும் ஒன்றுபடும் பேச்சையே கைவிட்டு, தெற்குதான் முதல் எதிரி என்று 2024-இல் அறிவித்துவிட்டார். சியோல் எல்லையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சுமார்தான். நாட்டின் ஜனத்தொகையில் ஏறக்குறைய பாதி அந்த நகரத்தைச் சுற்றியே வாழ்கிறது.

ஆதரவு என்றால் கண்மூடித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதே. கருத்துக்கணிப்புகளில் அமெரிக்கப் படை இருக்கட்டும் என்று சொல்வதும் பெரும்பான்மைதான், நமக்கே சொந்த அணுகுண்டு வேண்டும் என்று சொல்வதும் பெரும்பான்மைதான். நாளைக்கு நமக்காக அமெரிக்கர்கள் வருவார்களா என்ற சந்தேகம் கொரியர்களுக்கு உண்டு. 2026-க்கு மட்டும் இந்தப் படைகளின் செலவில் கொரியாவின் பங்கு சுமார் 1.52 லட்சம் கோடி வோன், நம் பணத்தில் 9,000 கோடி ரூபாய்க்கு மேல். அதுவும் போதாது என்று டிரம்ப் கேட்கிறார். 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாய் பேட்டரி ஆலையில் வேலை பார்த்த முந்நூறுக்கும் மேற்பட்ட கொரியர்களைச் சங்கிலி போட்டு இழுத்துப் போனதைப் பார்த்து எங்கள் கேன்டீனே கொதித்தது. அந்த வாரம் முழுக்க வேறு பேச்சே இல்லை. ஆனாலும் "படையை அனுப்பிவிடலாம்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

என் அபிப்பிராயம் கேட்டால், அவர்கள் செய்வது சரி என்றுதான் சொல்வேன். அணுகுண்டு வைத்திருக்கும், சீனாவும் ரஷ்யாவும் முட்டுக்கொடுக்கும் ஒரு பக்கத்து நாட்டை வைத்துக்கொண்டு, துணைக்கு நிற்பவனை அனுப்பிவிட்டு ரோஷம் காட்டுவதில் அர்த்தம் இல்லை. ஆனால் தப்பு செய்த வெளிநாட்டு வீரனைக் கொரிய நீதிமன்றத்தில் நிறுத்த முடிய வேண்டும், நிலம் பறிகொடுத்தவனுக்கு நியாயம் கிடைக்க வேண்டும். இதெல்லாம் நடந்தால்தான் இந்த ஆதரவு நீடிக்கும். வெளியிலிருந்து மிரட்டல் வருகிறது என்பதற்காக உள்ளே இருக்கும் அநியாயத்தைப் பொறுத்துக்கொள் என்று யாரையும் கேட்கக் கூடாது. இங்கே ஜனங்கள் அப்படிப் பொறுத்துக்கொள்ளவும் இல்லை, அதனால்தான் எனக்கு இவர்கள் மேல் இவ்வளவு மரியாதை.

சரி, பாப்பா விஷயம். தைரியமாக அனுப்பு. ஏவுகணைச் செய்தி வரும் நாளிலும் இங்கே மெட்ரோவில் கூட்டம் நெரியும், பிள்ளைகள் டியூஷனுக்குப் போகும். ஆகஸ்டில் கூட்டு ராணுவப் பயிற்சியோடு மக்களுக்கான ஒத்திகையும் நடக்கும், சைரன் ஊதும், அது தெரியாமல் பயந்துவிடப் போகிறாள், சொல்லி வை. போனில் அவசர எச்சரிக்கை வந்தால் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷனுக்குள் இறங்கிவிட வேண்டும், பல ஸ்டேஷன்கள் பதுங்கிடமாகவும் குறிக்கப்பட்டிருக்கின்றன. சுவோனிலிருந்து ஒன்றாம் நம்பர் லைனில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம், சனி ஞாயிறு இங்கேயே இருக்கட்டும்.

டிக்கெட் போட்டதும் எழுது, இன்சியோன் ஏர்போர்ட்டுக்கு நானே போய்க் கூட்டிக்கொள்கிறேன். குளிருக்கான கோட்டை அங்கே வாங்காதே, இங்கேதான் நல்லதாகக் கிடைக்கும். பெட்டியில் இடம் இருந்தால் புளியும் சாம்பார்ப்பொடியும் கொடுத்து விடு. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்