சேமியாவ கேட்டு மெசேஜ் போட்ட தம்பிக்கு

தம்பி,

போன வாரம் நீ அனுப்புன மெசேஜ பாத்தேன். "அக்கா, சேமியா நல்லாயிட்டாள்ல, எப்ப வந்து கூட்டிட்டு போகட்டும்"னு ஒரே வரி. வாட்ஸப்லயே பதில் போடலாம்னுதான் ஆரம்பிச்சேன், அது பாட்டுக்கு நீண்டுகிட்டே போச்சு, சரி இங்கயே எழுதிடுவோம், உன்ன மாதிரி இன்னும் ரெண்டு மூணு பேரு கேட்டுட்டு இருக்காங்க அவங்களும் படிச்சுக்கட்டும். தெரியாதவங்களுக்கு, சேமியாங்கிறது தம்பி வீட்டு பின்னாடி கிடைச்சு நான் எடுத்துட்டு வந்த ஃபெரெட், கீரி மாதிரி இருக்குற வளர்ப்புப் பிராணி.

அந்த ராத்திரி ஞாபகம் இருக்கா? ஏப்ரல் கடைசி, இங்கிலாந்துல, இந்த லீட்ஸ்ல இன்னும் குளிர் விடல, பதினோரு மணிக்கு போன் பண்ணி "அக்கா பின்னாடி குப்பை பின் பக்கத்துல வெள்ளக் கீரி ஒண்ணு நிக்குது, கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு இருக்கு"ன்னு கத்துன. பக்கத்துல உன் ரூம்மேட் "கீரி இருந்தா பாம்பும் இருக்கும்டா"ன்னு சொன்னது எனக்கு இங்க கேட்டுச்சு. லீட்ஸ்ல! பயந்து ஓடுதான்னு கேட்டேன், இல்லக்கா என் ஷூவ மோந்து பாக்குதுன்ன. அப்பவே புரிஞ்சுபோச்சு, இது ஃபெரெட். இதோட சொந்தக்கார ஜாதி, காட்டுல திரியுற போல்கேட், உன் ஷூ கிட்டல்லாம் வராது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல மனுஷன் கூடவே இருந்து முயல் பிடிச்சுக் கொடுத்த ஜாதி இது, வெள்ளையா இருந்தா பொந்துலருந்து வெளிய வரும்போது பளிச்சுனு தெரியும்னு வேட்டைக்காரங்க வெள்ளையாவே தேடி வளத்தாங்க. அதனாலயே, தொரத்தி விட்டாலும் அதுக்கு போக எடம் கிடையாது. வெளிய விட்டா எலியோ முயலோ பிடிச்சு பொழச்சுக்கும்னு இங்க நிறைய பேரு நினைக்கிறாங்க. சேமியாவ அன்னிக்கு தராசுல வெச்சப்ப 480 கிராம். இப்ப 760.

நீ துணிக்கூடைய கவுத்து துண்டு போட்டு மூடி வெச்சது நல்ல வேலை. ஆனா உள்ள ஒரு கிண்ணத்துல பால், ஒரு தட்டுல தயிர்சாதம், அதுக்கு மேல ஊறுகா வேற ஓரமா. உன் பாசம் எனக்கு புரியுதுடா. ஆனா இதுங்க சுத்தமா மாமிசத்துல மட்டும் வாழுற பிராணி, குடல் ரொம்ப குட்டை, தின்னது மூணு நாலு மணி நேரத்துல வெளிய வந்துடும், அரிசி பருப்ப பிரிச்சு எடுக்க உள்ள ஏற்பாடே இல்ல, பால் குடிச்சா பேதி. நல்லவேளை அவ தொடல. நான் வந்து கோழி பேஸ்ட்ட வெதுவெதுன்னு கரைச்சு ஸ்பூன்ல காட்டுனேன், நக்குனா, தூங்குனா, மறுபடி நக்குனா. பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேடியா கொடுக்கக் கூடாது, ராத்திரி பூரா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அலாரம் வெச்சு கொஞ்சம் கொஞ்சமா ஊட்டுனேன்.

நீ பாக்காதது அடுத்த நாள் நடந்தது. மொதல்ல போன் பண்ண கிளினிக்ல ஃபெரெட் பாக்குறதில்லன்னுட்டாங்க. நாப்பது நிமிஷம் ஓட்டிட்டு போயி வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டுனோம். அந்த அம்மா மேல் உதட்ட தூக்கி ஈற பாத்துட்டு ஒண்ணுமே பேசல, திரும்பி என்கிட்ட காட்டுனாங்க. ரோஸ் கலர்ல இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. காதுக்குள்ள காப்பித்தூள் மாதிரி கருப்பா பூச்சி அழுக்கு, கழுத்துல ரெண்டு உண்ணி, வால்ல முடியே இல்ல, பின்பக்கம் வீங்கி இருந்துச்சு. ரத்தத்துல சிவப்பணு அளவு நாப்பது சதவீதத்துக்கு மேல இருக்கணுமாம், இவளுக்கு 24.

உண்ணியா இவ்வளவு ரத்தத்த குடிச்சுச்சுன்னு நான் கேட்டேன். இல்லையாம். பொட்ட ஃபெரெட்ட இங்க ஜில்னு சொல்லுவாங்க, ஆண் ஹாப். பகல் நீள ஆரம்பிச்சதும், மார்ச் வாக்குல, ஜில்லுக்கு சீசன், அதாவது இணை சேருற பருவம் வரும். நாய் மாதிரி ரெண்டு மூணு வாரத்துல தானா அடங்காது. ஹாப் கூட சேர்ந்தாத்தான் முட்டையே வெளிய வரும், சேரலன்னா சீசன் அப்படியே மாசக்கணக்குல நிக்கும், அந்த ஈஸ்ட்ரஜன் போய் எலும்பு மஜ்ஜைய அமுக்கிடும், புது ரத்தம் ஊறுறதே நின்னுடும், கடைசில ரத்தசோகையிலயே செத்துப்போகும். எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல. யாரும் அடிக்க வேணாம், பட்டினி போட வேணாம், கூண்டுல வெச்சு வேளாவேளைக்கு சோறு போட்டு சும்மா இருந்தாலே இதுங்க சாகும். இத தடுக்க வருஷா வருஷம் ஒரு ஊசி இருக்கு, ஜில் ஜாப்னு பேரு. இல்லன்னா குடும்பக்கட்டுப்பாடு பண்ண ஹாப் கூட விடணும். கருத்தடை ஆபரேஷன் பண்ணலாம், ஆனா அப்படி பண்ணதுக்கு பின்னாடி வயசான காலத்துல அட்ரினல் சுரப்பி கெட்டுப்போகுதுன்னு இப்பல்லாம் அரிசி சைஸ்ல ஒரு ஹார்மோன் இம்ப்ளாண்ட்ட தோலுக்கடில வெச்சு விடுறாங்க, ஒரு வருஷத்துக்கு மேல தாங்கும். சேமியாவுக்கு மொதல்ல ஊசி, ரத்தம் தேறுனதும் இம்ப்ளாண்ட். தேறவே ஆறு வாரம் ஆச்சு.

யாரு விட்டுட்டு போனாங்கன்னு தெரியல. சிப் இல்ல, நாய்க்கும் பூனைக்கும் இங்க சிப் கட்டாயம், ஃபெரெட்டுக்கு இல்ல. வேட்டைக்காரங்கதான் வேட்டை சீசன் முடிஞ்சதும் கழட்டி விட்டிருப்பாங்கன்னு உன் ரூம்மேட் சொன்னான்ல, நான் அத ஒத்துக்க மாட்டேன். எங்க ரெஸ்க்யூ, அதாவது கைவிட்ட ஃபெரெட்டுங்கள எடுத்து பாத்துக்குற எடம், ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மாவோட கராஜ்ல நடக்குது, அங்க ஒழுங்கா ஊசி போட்டு நகம் வெட்டி வர்ற ஃபெரெட்டெல்லாம் முயல் வேட்டைக்கு வளக்குற பழைய யார்க்‌ஷயர் தாத்தாமாரோடது. மோசமான கேஸ்ல முக்காவாசி, போன்ல ஒரு நிமிஷ வீடியோ பாத்துட்டு புள்ளைக்கு பொறந்தநாள் பரிசா வாங்குனது, நாத்தம் அடிக்குது கடிக்குதுன்னு மூணாவது மாசம் "ஃப்ரீ, கூண்டோட எடுத்துக்கோங்க"ன்னு விளம்பரம். நாத்தம் அடிக்கும், பொய் சொல்லல. அதுக்குன்னு வாரா வாரம் குளிப்பாட்டுனா தோல்ல எண்ணெய் போயி இன்னும் ஜாஸ்தியா சுரக்கும். துணிய துவைக்கணும், ஃபெரெட்ட இல்ல.

கடிக்கு வரேன். நாலாவது நாள் தண்ணிக் கிண்ணத்த எடுக்க கைய விட்டேன், கட்டவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்குற சதைய பிடிச்சா பாரு. விடல. நான் "அம்மா"ன்னு கத்தி கைய உதறுனேன், உதற உதற இன்னும் இறுக்குனா, அப்படியே தொங்குறா, ரத்தம் முழங்கை வரைக்கும் வழியுது. டீச்சரம்மா ஸ்பீக்கர்ல இருந்தாங்க, "உதறாத, அவ கால தரைல வை"ன்னாங்க. குனிஞ்சு கால் நாலையும் டைல்ஸ்ல பட வெச்சேன், ஒரு நிமிஷம் யோசிச்ச மாதிரி நின்னுட்டு விட்டுட்டா. விட்டுட்டு என்னைய விட அவதான் நடுங்குனா.

அவளுக்கு கைன்னாலே மேலருந்து வந்து அமுக்கி தூக்குற சாமான். கண்ணும் சரியா தெரியாது, வெள்ளைல செவப்புக் கண்ணு இருக்குறதுக்கு பார்வை இன்னும் மட்டம். அதனால முன்னாடி வந்து, தரையோட தரையா உக்காந்து, பேசிட்டே கைய முஷ்டியா மடக்கி நீட்டணும், விரல நீட்டக் கூடாது. முஷ்டி மேல ஒரு சொட்டு சால்மன் எண்ணெய். நக்குனா நக்கட்டும், இல்லன்னா எந்திரிச்சு போயிடணும். மூணு வாரம், ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ, பாத்ரூம் தரைல உக்காந்து இதே வேலை, நானும் பேச விஷயம் இல்லாம ஊர்ல எங்க தெருவுல யார் யார் இருந்தாங்கன்னு வரிசையா சொல்லிட்டு இருந்தேன். ஒரு நாள் எண்ணெய் போட மறந்துட்டேன். வெறும் கைய நக்கிட்டு, என் சட்டைக் கைக்குள்ள நுழைஞ்சு தூங்கிட்டா.

பாத்ரூம் ஏன்னா, புதுசா வர்றத ரெண்டு வாரம் தனியா வெக்கணும். உன்னையும் மே மாசம் இருமிட்டே வந்தப்ப வாசல்லயே நிறுத்துனேன்ல, கோச்சுக்கிட்டு போன. நம்ம ஃப்ளூ அப்படியே இதுங்களுக்கு ஒட்டும். 1933ல லண்டன்ல மனுஷங்களுக்கு வர்ற ஃப்ளூ வைரஸ கண்டுபிடிச்சதே இதுங்கள வெச்சுத்தான், ஃப்ளூ வந்தவங்க தொண்டை கழுவுன தண்ணிய ஃபெரெட் மூக்குல விட்டுப் பாத்தாங்க, அதுக்கு காய்ச்சல் வந்துச்சு. அந்த விஞ்ஞானிங்கள்ல ஒருத்தரு வில்சன் ஸ்மித், அவருக்கே ஃப்ளூ வந்து, அவர்கிட்ட இருந்து எடுத்த வைரஸுக்கு அவர் இனிஷியல் டபிள்யூ எஸ்ஸையே பேரா வெச்சாங்க. ஆகவே மாஸ்க் போட்டுட்டு வா, இல்ல வராத.

இப்ப எப்படி இருக்கான்னு கேட்ட. தூங்குறா. பதினாலு பதினஞ்சு மணி நேரம் தூக்கம்தான். மொதல்ல பழைய காட்டன் புடவைய கிழிச்சு தூளி கட்டுனேன், நூல்ல நகம் மாட்டி கத்துனா, இப்ப ஃப்ளீஸ் தூளி. முழிச்சா முதுக வளைச்சு, வாய தொறந்து, பின்னாடியே குதிச்சு குதிச்சு சோபா கால்ல இடிச்சு விழுந்து மறுபடி குதிப்பா, கூடவே கொக்கொக்னு ஒரு சத்தம். கோவம்னு நினைச்சுடாத, அது சந்தோஷம். ஃபெரெட்ங்கிற பேரே லத்தீன்ல குட்டித் திருடன்னு அர்த்தம் வர்ற வார்த்தைலருந்து வந்ததாம், சரியாத்தான் வெச்சிருக்காங்க. போன ஞாயிறு சோபாவ நகத்துனா ஒத்தை சாக்ஸ் நாலு, ரிமோட் மூடி, என் ஸ்டிக்கர் பொட்டு அட்டை, ஒரு வெங்காயம். சேமியாங்கிற பேரு டீச்சரம்மா வாய்ல நுழையல, சாமின்னுதான் கூப்பிடுறாங்க. நல்லாத்தான் இருக்கு.

இப்ப நீ கேட்டதுக்கு வரேன். உன் அட்டிக் ரூம் வேணாம், ஜூலைல அங்க முப்பது டிகிரி போச்சுன்னு நீயே ஸ்டேட்டஸ் போட்ட, இதுங்களுக்கு வேர்க்காது, அந்த சூட்டுல சுருண்டு விழுந்துடும். கீழ் ரூம்ல வெக்க ஹவுஸ் ஓனர்கிட்ட எழுதி வாங்கு. உன் இயர்பட் ரப்பரெல்லாம் டப்பால போட்டு பூட்டு, ரப்பர்னா இதுங்களுக்கு உயிர், முழுங்கிட்டா குடல் அடைச்சு நேரா ஆபரேஷன்தான். சாப்பாடுதான் பெரிய விஷயம். உங்க வீட்ல மூணு பேரும் சைவம். ஃபெரெட் பிஸ்கட் கடைல கிடைக்குது, ஆனா இவ பழகுனது ஃப்ரோசன் கோழிக்குஞ்சு, ஒரு நாள் குஞ்சு, மஞ்சப் பூ மாதிரி இருக்கும், முழுசா. சின்ன வயசுல என்ன தின்னு பழகுச்சோ அததான் சாப்பாடுன்னு ஏத்துக்கும், பிஸ்கட்டுக்கு மாத்தப் பாத்து நான் தோத்துட்டேன். அந்த பாக்கெட் உங்க ஃப்ரீசர்ல உங்கம்மா அனுப்புன தேங்காத்துருவல் பக்கத்துலதான் இருக்கும். ரூம்மேட்ஸ கேட்டுட்டு சொல்லு, நீயா முடிவு பண்ணாத.

இன்னொண்ணு. சேமியாவ ஒத்தையா தர மாட்டேன். ஜூன்லருந்து அவ தாத்தா கூடதான் படுக்குறா. தாத்தான்னா எங்ககிட்ட போன வருஷம் வந்த ஹாப், ஆறு வயசு இருக்கும், அட்ரினல் கோளாறு, வந்தப்ப வால்லருந்து தோள் வரைக்கும் மொட்டை, இம்ப்ளாண்ட் வெச்சு இப்ப முடி வந்துடுச்சு. ஆனா கணையத்துல கட்டி இருக்கு, சர்க்கரை திடீர்னு இறங்கிடும். எங்கயோ வெறிச்சு பாப்பான், எச்சில் ஒழுகும், பின்னங்கால் இழுக்கும். உடனே ஈறுல தேன் தடவணும், தெளிஞ்சதும் கறி கொடுக்கணும், வலிப்பு வந்தா வாய்க்குள்ள விரல் விடக் கூடாது, டாக்டருக்கு போன். காலைல சாயங்காலம் ஸ்டீராய்டு மருந்து. எவ்வளவு நாள் இருப்பான்னு டாக்டரே சொல்லல. ஆனா அவ அவன் கழுத்து மேல தலைய வெச்சாத்தான் தூங்குறா, பிரிச்சு வெச்சப்ப ரெண்டு நாள் சாப்பிடல. நீ கேட்டது ஒண்ணு, நான் தர்றது ரெண்டு, அதுல ஒண்ணு கிழவன். வேணாம்னு சொன்னா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன், அன்னிக்கு ராத்திரி நீ போன் எடுத்ததே போதும்.

யோசிச்சுட்டு சனிக்கிழமை வா. குஞ்சு ராத்திரியே ஃப்ரிட்ஜுக்கு மாத்தி வெக்கிறேன், தட்டுல எடுத்து வெக்கிறது நீதான். தாத்தாவோட மருந்து பத்து மணிக்கு, சிரிஞ்ச்ல எப்படி கொடுக்குறதுன்னு காட்டுறேன். பழைய டீஷர்ட் போட்டுக்கோ. வெறும் சாக்ஸோட உள்ள வராத, ஷூவ கழட்டாத, கால் கட்டவிரல் மேல சேமியாவுக்கு இன்னும் ஒரு கண்ணு இருக்கு.

அக்கா