சுண்ணாம்பு ஆச்சிக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிறிஸ்தவக் கோயில் மணி மறுபடி அடித்தது. சத்தம் கேட்டதும் அழுதவர்களில் நானும் ஒருவன். கோயிலுக்குள் வெள்ளம் புகுந்த அந்த மழை இரவுகளைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

சபைப் பதிவேடுகளைத் தலையில் சுமந்து வந்த வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள், ஜெனரேட்டர் தந்த பள்ளிவாசல் ஜமாத்தார், வேலையாட்களுக்குப் பொங்கிப் போட்ட பெண்கள், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர்கள், “இடிக்க வேண்டாம், பொறுங்கள்” என்று உறுதியாய் நின்ற எங்கள் போதகர் ஐயரவர்கள், ஒருவரையும் மறக்கவில்லை.

ஆனால் சுவரைக் காப்பாற்றியது ஓர் ஆச்சி.

எங்கள் கோயில் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். பாளையங்கோட்டை ஊசிக் கோபுரம் போல உயரமெல்லாம் கிடையாது. முப்பது வருடத்துக்கு முன், உறுதியாக இருக்கட்டும் என்று அதன்மேல் சிமெண்ட் பூசினோம். செங்கல் குடித்த ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் உள்ளுக்குள்ளேயே மாவாகிக்கொண்டிருந்தது தண்ணீர் வடிந்த பிறகுதான் தெரிந்தது. சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றி, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தயாராக வைத்து, நாலாம் நாளே பூச நின்றோம். பண்டிகைக்குள் முடிக்கிற அவசரம்.

அந்த வழியாகப் போன ஆச்சி உள்ளே வந்தார். காளவாசலில் சுண்ணாம்பு சுட்டுத் தெருத்தெருவாக விற்றவர். குழியிலிருந்து ஒரு துளி எடுத்து விரலில் தேய்த்தார்.

“எய்யா, இது இன்னும் நீறலை. நறநறன்னு இருக்கு. இப்பப் பூசினா சுவத்துக்குள்ள இருந்து நீறி, கொப்பளம் கொப்பளமாத் தெறிச்சிரும்.”

அப்புறம் அங்கேயே உட்கார்ந்து முழுவதையும் சல்லடையில் வடிக்க வைத்தார். மேலே தண்ணீர் நிற்க ஒரு மாதம் மூடிப் போடச் சொன்னார். தினமும் சாயங்காலம் வந்து பார்த்தார். கூலி கொடுத்தபோது வாங்கவில்லை. “எங்க இசக்கி அம்மனுக்கும் இதே சுண்ணாம்புதான அடிக்கேன்” என்றார்.

ஒரு மாதமா என்று சிலர் முணுமுணுத்தோம். கால்டுவெல் ஐயர் இடையன்குடிக் கோயிலைக் கட்டி 1880இல் பிரதிஷ்டை செய்ய முப்பது வருடத்துக்கு மேல் ஆனதே என்றார் ஐயரவர்கள். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

பாளையங்கோட்டையில், பிராமணக் குடும்பத்தில் பிறந்த கிளாரிந்தா அம்மையார் எழுப்பி, 1785இல் சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்த கோயிலை இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறோம். நெல்லைச் சீமையில் நம் சபை ஒரு பெண்ணின் முயற்சியில் தொடங்கியது என்று பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். குழியோரம் ஆச்சி குத்தவைத்திருந்ததைப் பார்த்த அன்றுதான் அது எனக்கு உறைத்தது.

நான் கமிட்டியில் இருக்கும்வரை அந்தச் சுவரில் சிமெண்ட் படாது.

ஆச்சி, தென்சுவர் இன்னும் பாக்கி இருக்கு. குழியில் புதுச் சுண்ணாம்பு ஊறுது. அடுத்த வாரம் திறக்கிறோம். ஒரு எட்டு வந்து தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க.